தோட்டத்தைப் பள்ளியாக்கிய புரோபெல்

முன்பள்ளி என்ற பெயர்ப்பலகையை இன்று எமது ஊர்களில் தெருவுக்குத் தெரு காண்கிறோம். அவற்றுட் பலவற்றின் முற்றத்தில் ஒரு பூஞ்செடிக்கும் இடமில்லை. மூன்று வயதுக் குழந்தை கொப்பியும் பென்சிலுமாகக் கதிரையில் அமர்த்தப்படுகிறது. பெற்றோரிற் பலரும் அதனையே வேண்டி நிற்கின்றனர். இத்தகைய பள்ளிக்கு முன்னோடியானவர் அதற்குக் குழந்தைகளின் தோட்டம் எனும் பொருளிலேயே பெயர் சூட்டினார் என்பதை இவ்வேளையில் நினைவூட்ட வேண்டியவர்களாக உள்ளோம்.

பிரெட்ரிக் புரோபெல் 1782 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆம் திகதி, ஜேர்மனியின் துரிங்கியாப் பிரதேசத்தில் மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஒன்பது மாதக் குழந்தையாக இருக்கையிலேயே தாயை இழந்தார். தந்தையாருக்குத் தேவாலயப் பணிகளே ஓயாதிருந்தன. சிற்றன்னையின் பரிவும் நீடிக்கவில்லை. கவனிப்பாரற்ற அச்சிறுவனுக்கு வீட்டுத் தோட்டமே துணையாயிற்று. பத்தாவது வயதில் தாய்மாமன் தம்முடன் அழைத்துச் சென்ற பின்னரே அவர் ஏனைய சிறுவர்களுடன் கூடி ஓடியாடும் பேறு பெற்றார். 1797 இல் வனப் பணியாளர் ஒருவரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். அவரோ அதிகம் கற்பிக்கவில்லை. காடே கற்பித்தது எனலாம்.

பின்னர் யேனா பல்கலைக்கழகம் சென்றவர், கடனைத் தீர்க்க இயலாது அங்கேயே சில வாரங்கள் சிறையிருக்கவும் நேர்ந்தது. 1808 முதல் 1810 வரை சுவிற்சர்லாந்தில் பெஸ்டலோசியிடம் இருந்து கற்றார். நெப்போலியனுக்கு எதிரான போரிற் பங்குகொண்டார். பேர்லினில் பளிங்குக் கற்களை ஆராய்ந்தார். 1817 இல் கைல்ஹவ் கிராமத்தில் அவரது பள்ளி நிலைகொண்டது. அங்கு மாணவர்கள் வகுப்பறையோடு நில்லாது மலைகளிலும் காடுகளிலும் நடந்து திரிந்தே பல பாடங்களைக் கற்றனர்.

1837 இல் பிளாங்கன்பேர்க் நகரில் சிறு குழந்தைகளுக்கான நிலையத்தை ஆரம்பித்தார். 1840 இல் அதற்குக் 'கிண்டர்கார்டன்' என்ற பெயர் வந்தது. அது வெறும் உவமை அன்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனக்கெனச் சிறியதொரு பாத்தி இருந்தது. அதனைச் சூழ எல்லோருக்கும் பொதுவான பாத்திகள் இருந்தன. தன் பாத்தியில் விரும்பியதை நடலாம். நீரூற்ற மறந்தால் வாடுவதையும் தானே காண வேண்டும். பொதுப் பாத்தியிலோ பிறரோடு இணங்கி உழைக்க வேண்டும். பொறுமை, உரிமை, கூட்டுறவு ஆகிய மூன்றையும் எழுத்தறியாத பிள்ளை மண்ணிலிருந்தே கற்றுக்கொள்ளும் இவ்வேற்பாட்டை விடச் சிறந்த பாடநூலை நாம் அறியோம். பந்து, மரக்கோளம், உருளை, கனவுரு முதலிய விளையாட்டுப் பொருட்களும் அவர் வகுத்தவையே.

இத்தகைய மனிதரையும் அரசாங்கம் ஒன்று அஞ்சியது. 1851 ஓகஸ்டில் பிரஷ்ய அரசு, சமதர்மத்தையும் நாத்திகத்தையும் பரப்புவதாகக் கூறி இந்நிலையங்களுக்குத் தடை விதித்தது. புரோபெலின் சகோதரரின் மகன் கார்ல் என்பவர் எழுதிய பிரசுரத்தை இவருடையதெனக் கருதியமையும் இதற்கொரு காரணம். தவறு சுட்டிக்காட்டப்பட்டும் தடை நீங்கவில்லை. முதியவர் மனமுடைந்தார். 1852 ஜூன் 21 ஆம் திகதி காலமானார்.

தடை 1860 இல் நீக்கப்பட்டது. அதற்குள் அவரது மாணவியர் அப்பள்ளிகளைப் பிற நாடுகளுக்கும் கொண்டு சென்றுவிட்டனர். ஷ்வைனாவில் உள்ள அவரது கல்லறையின் மீது கனவுரு, உருளை, கோளம் ஆகிய மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கல்லில் நிற்கின்றன.