தங்க மணிகளோடு அடையாறுக்கு வந்த டாக்டர்!

உங்க ஏரியாவுல மாண்டிசோரின்னு போர்டு மாட்டின ஸ்கூல் ஒண்ணாவது இருக்கும். அது ஏதோ பிராண்டு பேர்னு நினைச்சிருந்தீங்கன்னா, இல்லை. மரியா மாண்டிசோரிங்கிற பெண்ணோட பேர். நம்ம அடையாறுலயும் கொடைக்கானல்லயும் வருஷக்கணக்கா வாழ்ந்தவர்.

1870-ல் இத்தாலியில் பிறந்தவர். பெண்கள் டாக்டருக்குப் படிப்பதே அதிசயமாக இருந்த காலத்தில், 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கினார்.

மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளோடு வேலை பார்த்தபோதுதான் ரூட் மாறியது. கையால் தொட்டுக் கற்கும் முறை பற்றி இத்தார், செகேன் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதியதைத் தேடிப் படித்தார். இன்னிக்கு நாம வெளிநாட்டு முறைன்னு சொல்றோமே, அவருக்கும் அது வெளிநாட்டுச் சரக்குதான்! 1907-ல் ரோமில், சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார்.

கணக்குக்கு அவர் உருவாக்கியதைக் கொஞ்சம் பொறுமையா பாருங்க. தங்க நிறத்தில் ஒரு மணி, அது ஒன்று. பத்து மணி கோத்த கம்பி, பத்து. பத்துக் கம்பிகளைச் சேர்த்தால் ஒரு சதுரம், நூறு. பத்துச் சதுரங்களை அடுக்கினால் கனசதுரம், ஆயிரம். குழந்தை ஒரு கையில் ஒன்றையும் இன்னொரு கையில் ஆயிரத்தையும் தூக்கிப் பார்க்கும். வித்தியாசம் கைக்கே தெரிஞ்சுடும். கூட்டும்போது பத்து மணி சேர்ந்துட்டா, அதைக் கொடுத்துட்டு ஒரு கம்பி வாங்கிட்டு வரணும். மீதி ஒண்ணை மேல போடுன்னு நமக்குச் சொல்லித் தந்தாங்களே, அந்த ஒண்ணு எங்கிருந்து வருதுன்னு இப்ப புரியுதா? (அட்மிஷனுக்குப் போனா, அந்த மணிகள் இருக்கான்னு எட்டிப் பாருங்க. போர்டு யார் வேணா மாட்டலாம்.)

முசோலினி அரசு முதலில் அவரைக் கொண்டாடியது, பிறகு முறைத்துக்கொண்டது. நாட்டை விட்டு வெளியேறினார். 1939-ல் பிரம்மஞான சபை அழைக்க, மரியோவோடு சென்னை வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அப்போது வயது 69.

யார் இந்த மரியோ? 1898-ல், திருமணம் ஆகாமல் அவர் பெற்ற பிள்ளை. ஊர் வாய்க்குப் பயந்து வேறு குடும்பத்தில் வளர்க்கப்பட்டவர். உலகத்துக் குழந்தைகளுக்காக உழைத்தவர் தன் குழந்தையைப் பக்கத்தில் வைத்து வளர்க்க முடியவில்லை. பிறகு சேர்ந்து வாழ்ந்தபோதும் வெளியுலகத்துக்கு அவர் மகன் இல்லை.

1940-ல் இத்தாலி போரில் இறங்கியதும், பிரிட்டிஷ் அரசு மரியோவைப் பிடித்து முகாமில் அடைத்தது. இவருக்கோ அடையாறு வளாகத்தைத் தாண்டத் தடை. அந்த ஆகஸ்ட் 31, அவரது 70-வது பிறந்தநாள். பரிசாக வைஸ்ராய் மரியோவை விடுவித்தார். அந்தச் செய்தியில் மரியோவை அவருடைய மகன் என்றே குறிப்பிட்டிருந்தார்கள்!

1952-ல் நெதர்லாந்தில் மாண்டிசோரி இறந்தார். அதற்குப் பிறகு 1982 வரை, தான் சாகும்வரை, அந்த இயக்கத்தை நடத்தியவர் மரியோதான்.