பந்தயக் குதிரைகளின் பிரம்மா!

1938-ம் ஆண்டு ஜூன் மாதம் 26-ந் தேதி. பாரிஸ் நகரத்து லாங்ஷாம்ப் மைதானத்தில் கூட்டம் நெரிந்தது. 3,000 மீட்டர் தூரமுள்ள "கிராண்ட் பிரீ" குதிரைப் பந்தயம் அன்று அங்கே நடக்க இருந்தது.

அந்த ஆண்டு இங்கிலாந்தின் டெர்பி பந்தயத்தில் ஜெயித்த புவா ரூசெல் வந்திருந்தது. பிரெஞ்சு டெர்பியில் ஜெயித்த சில்லாஸ் வந்திருந்தது. இவற்றை எதிர்த்து ஓட, இத்தாலியிலிருந்து ஒரு குதிரை வந்திருந்தது. அதன் பெயர் நியார்கோ. அதுவரை 13 பந்தயங்களில் ஓடி, பதின்மூன்றிலும் ஜெயித்த குதிரை அது.

அதன் சொந்தக்காரருக்கு அப்போது வயது 69. பெயர், பெடரிகோ டெசியோ. முந்திய ஆண்டு இதே மைதானத்துக்கு, அதுவரை தோல்வியே காணாத தம்முடைய டொனாடெல்லோ என்ற குதிரையை அவர் கொண்டு வந்திருந்தார். இதே பந்தயத்தில் அது தோற்றுப் போயிற்று. அந்தத் தோல்வி அவர் மனத்தில் முள்ளாகத் தைத்திருக்க வேண்டும்.

இந்தத் தடவை தோல்வி இல்லை. நியார்கோ முதலில் வந்தது. கானோ என்ற குதிரை இரண்டாவது. இங்கிலாந்தின் டெர்பி வீரன் மூன்றாவது.

உலகத்தின் சிறந்த பந்தயக் குதிரை டெசியோவின் லாயத்தில் இருந்தது. ஆனால் நாலே நாளில் அதை அவர் விற்று விட்டார்!

ஏரிக்கரைப் பண்ணை

டெசியோ 1869-ம் ஆண்டு ஜனவரியில் இத்தாலியின் டூரின் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்தார். மோன்கலியேரி என்ற ஊரில், பாதிரிமார் நடத்திய பள்ளியில் படித்தார். குதிரைப் படையில் சேர்ந்தார். தேசாந்தரம் சுற்றினார். தென் அமெரிக்காவின் அர்ஜென்டினா வரை போய் வந்தார். பந்தயங்களில் தாமே குதிரை ஏறினார்.

1898-ம் ஆண்டு லிடியா என்ற பெண்மணியை மணந்தார். அதே ஆண்டில், மாஜோரே ஏரிக்கரையில் டோர்மெல்லோ என்ற இடத்தில் குதிரைப் பண்ணை ஒன்றைத் தொடங்கினார். கணவனும் மனைவியும் சேர்ந்தே அந்தப் பண்ணையை நடத்தினார்கள்.

குதிரை வளர்ப்பில் அப்போது இத்தாலிக்குப் பெயர் இல்லை. இங்கிலாந்தும் பிரான்சும்தான் ராஜாக்கள். அங்கே பெரும் பிரபுக்கள் பணத்தைக் கொட்டிக் குதிரை வளர்த்தார்கள். டெசியோவிடம் இருந்தவையோ பத்துப் பன்னிரண்டு பெட்டைக் குதிரைகள். குதிரையை உற்பத்தி செய்பவர் ஒருவர், பழக்குபவர் இன்னொருவர் என்பது பந்தய உலகின் வழக்கம். டெசியோ இரண்டு வேலைகளையும் தாமே செய்தார்.

1911-ம் ஆண்டு அவருடைய கைடோ ரெனி என்ற குதிரை இத்தாலிய டெர்பியில் ஜெயித்தது. அதிலிருந்து அவர் வளர்த்த குதிரைகள் இருபது முறைக்குக் குறையாமல் அந்தப் பந்தயத்தை வென்றன. பெரும்பாலும் ஓவியர்கள், சிற்பிகளின் பெயர்களையே அவர் தம் குதிரைகளுக்கு வைத்தார்.

75 கினி

பந்தயக் குதிரைக்குக் குலமுறை முக்கியம். 17, 18-ம் நூற்றாண்டுகளில் கீழ்நாடுகளிலிருந்து இங்கிலாந்துக்குப் போன மூன்று ஆண் குதிரைகளின் வம்சமே இன்று உலகெங்கும் ஓடும் உயர்ஜாதிப் பந்தயக் குதிரைகள். ஒவ்வொரு குட்டியின் தாய், தந்தை, பாட்டன், பூட்டன் எல்லாம் புத்தகத்தில் பதிவாகியிருக்கும். டெசியோ அந்தப் புத்தகங்களைக் கரைத்துக் குடித்தவர்.

1915-ம் ஆண்டு டிசம்பர் மாதம் இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் ஏலம் நடந்தது. முதல் உலக யுத்த காலம். குதிரைகளின் விலை சரிந்து கிடந்தது. காட்னிப் என்ற பெட்டைக் குதிரை ஏலத்துக்கு வந்தது. பந்தயத்தில் அது பெரிதாக எதையும் சாதித்ததில்லை. ஆனால் அதன் தந்தை ஸ்பியர்மின்ட், 1906-ல் இங்கிலாந்து டெர்பியையும் பாரிஸ் கிராண்ட் பிரீயையும் வென்ற குதிரை. தாய் சிபோலாவும் பெயர் பெற்ற குதிரை. குட்டி சோடை போனாலும் குலம் சோடை போகாது என்று டெசியோ கணக்குப் போட்டார். 75 கினிக்கு அதை வாங்கினார். அன்றைய நம் நாட்டுப் பணத்தில் சுமார் 1,180 ரூபாய்.

காட்னிப்பின் மகள் நோகாரா 1928-ல் பிறந்தது. மூன்று வயதில் இத்தாலியின் பெரிய பந்தயங்கள் இரண்டில் ஜெயித்தது.

தட்டிப்போன சம்பந்தம்

நோகாராவுக்கு மாப்பிள்ளை தேட வேண்டும்! வீட்டுப் பெண்ணுக்கு வரன் பார்ப்பது போலத்தான் டெசியோ பார்த்தார். இங்கிலாந்தில் டெர்பி பிரபுவிடம் பேர்வே என்ற ஆண்குதிரை இருந்தது. அதையே அவர் விரும்பினார். ஆனால் அதற்கு ஏற்கெனவே பெட்டைகள் ஒதுக்கப்பட்டு, இடம் நிறைந்து விட்டது.

பேர்வேக்கு உடன் பிறந்த அண்ணன் ஒன்று உண்டு. பெயர் பாரோஸ். தாயும் ஒன்று, தந்தையும் ஒன்று. 1923-ம் ஆண்டு டெர்பியில் இரண்டாவதாக வந்த குதிரை அது. அப்போது பிரான்சில் இருந்தது. தம்பி கிடைக்காவிட்டால் அண்ணன் என்று டெசியோ நோகாராவை அங்கே அனுப்பினார்.

1935-ம் ஆண்டு ஜனவரி 24-ந் தேதி நோகாரா ஒரு குட்டி ஈன்றது. அதுதான் நியார்கோ! முதல் சம்பந்தம் கூடியிருந்தால் இந்தக் குட்டி பிறந்தே இராது.

எட்டு லட்சம் ரூபாய்

நியார்கோ ஓடிய பந்தயங்கள் 14. ஜெயித்தவையும் 14. அப்படியும் அதன் குறையை டெசியோ மறைக்கவில்லை. நீண்ட தூரம் ஓடுவது அதன் இயல்பல்ல, வேகத்தாலும் உயர்ந்த தரத்தாலுமே அது நீண்ட பந்தயங்களில் ஜெயித்தது என்றே தம் குறிப்பில் எழுதி வைத்தார்.

பாரிஸ் வெற்றிக்குப் பின் நியார்கோவை மார்ட்டின் பென்சன் என்ற ஆங்கிலேயர் வாங்கினார். விலை 60,000 பவுன். அன்றைய மாற்று விகிதத்தில் எட்டு லட்சம் ரூபாய். அதுவரை உலகில் எந்தப் பொலிகுதிரையும் இதைவிட அதிக விலைக்குப் போனதில்லை. பாரிசில் தோற்ற டொனாடெல்லோவையும் முந்திய ஆண்டு இப்படித்தான் 47,500 பவுனுக்கு விற்றிருந்தார்.

பண்ணை நடக்கப் பணம் வேண்டும். சிறந்த ஆண்குதிரைகளை விற்று, நல்ல பெட்டைகளைக் காப்பாற்றுவது டெசியோவின் வழி. அதனால் நியார்கோவின் வம்சம் இத்தாலியை விட்டுப் போயிற்று.

குதிரைக்குப் பதுங்கு குழி

1940-ல் இத்தாலி யுத்தத்தில் இறங்கியது. டெசியோவின் நாடு இங்கிலாந்துக்கு எதிரி ஆயிற்று. ஆனால் அவருடைய குதிரை நியூமார்க்கெட்டில் ராஜோபசாரத்துடன் இருந்தது. குண்டு வீச்சிலிருந்து காப்பாற்ற நியார்கோவுக்குப் பதுங்குமிடம் கட்டினார்கள்!

அதன் வாரிசுகள் உலகை ஆண்டன. டான்டே 1945-லும், நிம்பஸ் 1949-லும் இங்கிலாந்து டெர்பியை வென்றன. கராச்சியில் பிறந்த ஆகா கானிடம் நஸ்ருல்லா என்ற மகன் இருந்தது. அதன் பாட்டியின் பெயர் மும்தாஜ் மஹால். நஸ்ருல்லா அமெரிக்கா சென்றது. 1973-ல் அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களையும் வென்ற செக்ரடேரியட், அந்த நஸ்ருல்லாவின் பேரன். 1964-ல் கென்டக்கி டெர்பியை வென்ற நார்தர்ன் டான்சர், நியார்கோவின் பேரன்.

குட்டை என்று ஒதுக்கிய குட்டி

டெசியோவிடம் காவலியேரே டார்பினோ என்று ஒரு குதிரை இருந்தது. கால் கோளாறால் அதிகம் ஓடவில்லை. ஓடிய ஐந்திலும் ஜெயித்தது. அதன் மகன் பெல்லினி. பெல்லினியின் மகன் டெனெரானி. டெனெரானியையும் டெசியோ இங்கிலாந்துக்கு விற்றிருந்தார். ஆகவே ரோமனெல்லா என்ற பெட்டையை அங்கே அனுப்பினார். 1952-ல் இங்கிலாந்து மண்ணிலேயே ஒரு குட்டி பிறந்தது.

குட்டி மிகச் சிறியதாக இருந்தது. லாயத்தில் "பொடியன்" என்று செல்லப் பெயர் வைத்தார்கள். உருவத்தைப் பார்த்து, இத்தாலிய டெர்பியில் அதன் பெயரைப் பதிவு செய்யாமலே விட்டு விட்டார்கள்.

1954-ம் ஆண்டு மே மாதம் 1-ந் தேதி, 85-வது வயதில் டெசியோ காலமானார். இரண்டு மாதம் கழித்து, ஜூலையில், அந்தப் பொடியன் முதல் பந்தயத்தில் ஓடியது. ஜெயித்தது. அதன் பெயர் ரிபோ. 1955, 1956 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பாரிசின் "ஆர்க்" பந்தயத்தை வென்றது. மொத்தம் ஓடியவை 16. பதினாறிலும் வெற்றி!

அதன் ஓட்டத்தைக் காணும் பாக்கியம் லிடியா அம்மையாருக்குக் கிடைத்தது. டெசியோவுக்குக் கிடைக்கவில்லை.

அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்குப் பின், பிராங்கல் என்ற குதிரை இங்கிலாந்தில் தோன்றியது. 2010-லிருந்து 2012 வரை 14 பந்தயங்களில் ஓடியது. பதினாலிலும் ஜெயித்தது. அது நார்தர்ன் டான்சரின் வழியே வந்த நியார்கோவின் நேர் வாரிசு. கணக்கும் நியார்கோவின் கணக்கேதான்.

பனை வைத்தவன் பார்த்துச் சாவான், தென்னை வைத்தவன் தின்று சாவான் என்பது பழமொழி. அந்த ஏரிக்கரையில் டெசியோ நட்டது பனை.