ஐரோப்பிய ஒற்றுமைக்கு வித்திட்ட இராபர்ட் ஷூமன்

அண்டை வீட்டார் இருவர் பகைத்துக்கொண்டால், ஊர்ப்பெரியோர் கூடி நல்லுரை கூறுவர். வரப்பை அளந்து கல் நடுவர். சில காலம் அமைதி நிலவும். கல் சற்றே நகர்ந்தது என்னும் ஐயம் எழுந்தவுடன் பழம்பகை மீண்டும் தலைதூக்கும். ஆனால், அவ்விருவருக்கும் உரிய நீர் ஒரே பங்குக்கிணற்றில் இருக்குமாயின், ஒருவர் வயலை மற்றவர் அழிக்க எண்ணார்; அழித்தால் தம் வயலும் வாடும் என்பதை அறிவர். எளிய உழவரும் அறிந்த இவ்வுண்மையை, நெடுங்காலம் பகைத்துநின்ற இரு பெரும் நாடுகளுக்கிடையே செயற்படுத்திக் காட்டிய பெருந்தகையே இராபர்ட் ஷூமன் ஆவார்.

பிறந்த மண்

ஐரோப்பாவில் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் இடையே அல்சேஸ், லொரேன் என்னும் இரு நிலப்பகுதிகள் உள்ளன. லொரேன் இரும்புத்தாது மலிந்த மண். அதற்கு அணித்தாக, ஜெர்மனியின் சார், ரூர்ப் பகுதிகளில் நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்திருந்தன. இரும்புத்தாதும் கரியும் சேர்ந்தால் எஃகு பிறக்கும். எஃகினால் ஏரும் செய்யலாம், பீரங்கியும் செய்யலாம். ஆதலால் இம்மண்ணை ஆள இரு நாடுகளும் போட்டியிட்டன. 1870, 1914, 1939 ஆகிய ஆண்டுகளில் தொடங்கிய மூன்று பெரும்போர்களிலும் இவ்வெல்லைப் பகுதி பெருந்துயர் உற்றது.

ஷூமனின் தந்தையார் லொரேனில் பிரெஞ்சுக் குடிமகனாகப் பிறந்தவர். 1871-இல் அப்பகுதி ஜெர்மனியின் கைக்குச் செல்லவே, தம் சிற்றூரைவிட்டு நகராமலேயே அவர் ஜெர்மானியக் குடிமகன் ஆனார். பின்னர் அண்டையிலுள்ள சிறிய நாடாகிய லக்ஸம்பர்க்கில் குடியேறினார். அங்கு 1886ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் இராபர்ட் ஷூமன் பிறந்தார். இளமையிலேயே அவர் லக்ஸம்பர்க்கு மொழி, பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மூன்றையும் பயின்றார். அயலான் மொழி என்று வெறுப்பதற்கு அவர் வீட்டருகே எம்மொழியும் இல்லை.

தந்தையார் 1900-இல் மறைந்தார். பான், மியூனிக், பெர்லின், ஸ்ட்ராஸ்பர்க் ஆகிய நகரங்களின் பல்கலைக்கழகங்களில் ஷூமன் சட்டம் கற்று, டாக்டர் பட்டமும் பெற்றார். 1911-இல் அவர்தம் அன்னையார் வண்டி விபத்தொன்றில் உயிர்துறந்தார். அத்துயரம் அவர் உள்ளத்தைப் பெரிதும் வாட்டியது. துறவு பூணவும் அவர் எண்ணினார். எனினும் உலகியலில் நின்றே தொண்டாற்றத் துணிந்து, 1912-இல் மெட்ஸ் நகரில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். இறுதிவரை அவர் மணம் செய்துகொள்ளவில்லை.

முதல் உலகப்போர் 1918-இல் முடிந்தது. லொரேன் மீண்டும் பிரான்சுக்கு உரியதாயிற்று. தந்தையைப் போலவே மகனும், வீட்டையோ ஊரையோ மாற்றாமல் நாடு மாறினார்! போரில் வென்றது எது, தோற்றது எது என்பதற்கேற்ப மனிதன் ஒரு நாட்டின் உடைமையாகக் கைமாறும் நிலைமை எத்துணைக் கொடியது என்பதை ஷூமன் ஏட்டில் படித்தறிந்தாரல்லர், வாழ்ந்தறிந்தார்.

அரசியலும் சிறையும்

1919-இல் பிரெஞ்சுப் பாராளுமன்றத்துக்கு ஷூமன் தேர்ந்தெடுக்கப்பெற்றார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஜெர்மானியச் சட்டத்தின்கீழ் இருந்த தம் மக்களைப் பிரெஞ்சுச் சட்டத்தோடு இணைக்கும் பணி அவர்முன் நின்றது. தொழிலாளர் காப்புறுதி போன்ற நலன்கள் அம்மக்களுக்கு முன்னரே கிடைத்திருந்தன. அவற்றை இழக்கச் செய்யாமல், பொறுமையுடன் இருவகைச் சட்டங்களையும் பொருத்துவதில் அவர் பல ஆண்டுகள் உழைத்தார். இணைப்பு என்பது ஒன்றை ஒன்று விழுங்குதல் அன்று என்னும் பாடத்தை அப்பணி அவருக்குக் கற்பித்தது.

1940-இல் ஹிட்லரின் படை பிரான்சை வீழ்த்தியது. அவ்வாண்டு ஜூலைத் திங்களில், மார்ஷல் பெத்தேன் என்னும் முதிய படைத்தலைவரிடம் முழு அதிகாரத்தையும் ஒப்படைக்கும் தீர்மானம் பிரெஞ்சுப் பாராளுமன்றத்தின்முன் வந்தது. பெரும்பான்மையோருடன் சேர்ந்து ஷூமனும் அதற்கு இசைந்து வாக்களித்தார். அவ்வாக்கெடுப்பு குடியாட்சிக்குக் குழிதோண்டியது. அவர் வாழ்வில் நேர்ந்த பெரும்பிழை இஃதென்பதை மறைத்தல் ஆகாது. இதன் பொருட்டே போர் முடிந்தபின் அவர் சிறிது காலம் தேர்தலில் நிற்கத் தகுதியற்றவராகக் கருதப்பட்டார். 1945-இல் அத்தடை நீக்கப்பட்டது.

மெட்ஸ் நகருக்குத் திரும்பிய ஷூமனை, 1940 செப்டம்பரில் ஜெர்மானிய இரகசியப் போலீசார் கைதுசெய்தனர். ஏழு திங்கள் அவர் தனிச்சிறையில் வாடினார். பின்னர் ஜெர்மனியிலுள்ள நாய்ஸ்டாட் என்னும் ஊரில் காவலில் வைக்கப்பட்டார். 1942 ஆகஸ்டில் அங்கிருந்து தப்பி, போர் முடியும் காலம் வரை துறவியர் மடங்களில் மறைந்து வாழ்ந்தார். தம்மைச் சிறையிட்ட நாட்டின்மீது தீராப்பகை கொள்ள அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஆனால், பகைக்குப் பகை என்னும் வழியில் மூன்று தலைமுறைகள் அழிந்ததை அவர் கண்டிருந்தார். கொடுங்கோலனையும் அவனிடம் அகப்பட்ட மக்களையும் அவர் வேறுபிரித்து நோக்கினார்.

ஒரு பெரிய வினா

போருக்குப்பின் ஷூமன் நிதியமைச்சராகவும், 1947–48-இல் தலைமையமைச்சராகவும் விளங்கினார். 1948 ஜூலையில் அயல்நாட்டமைச்சர் ஆனார். அன்று ஐரோப்பா இடிபாடுகளின் குவியலாகக் கிடந்தது. மேற்கு ஜெர்மனி 1949-இல் புதிய குடியாட்சி நாடாக உருவாயிற்று. அதன் எஃகு உற்பத்திக்கு வெற்றிபெற்ற நாடுகள் வரம்பு விதித்திருந்தன. அவ்வரம்பை நீக்கினால், ரூர்ப் பகுதியின் உலைக்களங்கள் மீண்டும் பீரங்கி வடிக்குமோ என்று பிரெஞ்சு மக்கள் அஞ்சினர். நீக்காவிடில், வறுமையும் வேலையின்மையும் ஜெர்மானியரின் மனக்கசப்பை வளர்க்கும். முதற்போருக்குப்பின் அத்தகைய கசப்பே ஹிட்லருக்கு வழிவகுத்தது. கட்டவும் இயலாது, அவிழ்க்கவும் இயலாது என்ற இந்நிலைக்கு விடை காண்பது யாங்ஙனம்?

பிரான்சின் பொருளாதாரத் திட்டக்குழுவின் தலைவரான ஜான் மொன்னே ஒரு திட்டம் வகுத்தார். இரு நாடுகளின் நிலக்கரி, எஃகு உற்பத்தி முழுவதையும் பொதுவான ஓர் ஆட்சிக்குழுவின்கீழ் வைத்தல் வேண்டும். பிற ஐரோப்பிய நாடுகளும் விரும்பினால் அதிற் சேரலாம் என்பதே அதன் கருத்து. 1950 ஏப்ரல் இறுதியில், மெட்ஸ் அருகேயுள்ள தம் சிற்றூர் வீட்டுக்கு அத்திட்டத்தை எடுத்துச்சென்று ஷூமன் ஆழ்ந்து படித்தார். பாரிசுக்குத் திரும்பியதும் அதனை ஏற்றார். திட்டம் வகுத்தவர் மொன்னே. அதனைச் செயற்படுத்தும் அரசியற் பொறுப்பைத் தம் தோளில் ஏற்றவர் ஷூமன். போர் முடிந்து ஐந்து ஆண்டுகளே சென்றிருந்தன. மக்கள் சினந்தால் அவர்தம் அரசியல் வாழ்வே முடிந்திருக்கும். எல்லை மண்ணில் பிறந்த அவரை ஜெர்மானியர் எனப் பாராளுமன்றத்திலேயே இகழ்ந்தோரும் இருந்தனர்.

மே 9ஆம் நாள்

1950ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் காலை, மேற்கு ஜெர்மனியின் தலைமையமைச்சர் கொன்ராட் அடினாருக்குத் தூதர் ஒருவர் வாயிலாக ஷூமனின் மடல் சென்றது. ஜெர்மனியைத் தோற்ற நாடாக நோக்காமல், ஒத்த உரிமையுள்ள நாடாக அழைத்த மடல் அது. அடினார் உடனே இசைவு தெரிவித்தார். அதன்பின் பிரெஞ்சு அமைச்சரவையும் ஒப்புதல் அளித்தது. அன்று மாலை, பாரிசு நகரில் தம் அமைச்சகத்தின் கடிகார மண்டபத்தில், செய்தியாளர்முன் ஷூமன் அவ்வறிக்கையைப் படித்தார். அவர் நாவன்மை மிக்கவர் அல்லர். தாழ்ந்த குரலில், ஆரவாரமின்றிப் படித்தார். ஐரோப்பா ஒரே நாளில் ஒன்றுபட்டுவிடாது. கண்கூடான செயல்களால், சிறிது சிறிதாகவே ஒற்றுமை கட்டியெழுப்பப்படும் என்பதே அவ்வறிக்கையின் உட்பொருள்.

பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் 1951ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் பாரிசில் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. நெதர்லாந்துத் தாளில், ஜெர்மானிய மையினால், பிரெஞ்சு அச்சகத்தார் அதனை அச்சிட்டனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1952-இல் ஐரோப்பிய நிலக்கரி எஃகுக் கூட்டமைப்பு செயற்படத் தொடங்கியது. மொன்னே அதன் ஆட்சிக்குழுவின் முதல் தலைவரானார். அக்குழுவினர் தத்தம் நாட்டுக்காக வாதாடுவோர் அல்லர். ஆறு நாடுகளின் பொதுநலனுக்கும் பொறுப்புடையோர். அவர்களைத் தட்டிக்கேட்க ஒரு பேரவையும், முறையிடுவோர்க்கு நீதி வழங்க ஒரு நீதிமன்றமும் அமைந்தன. 1953-இல் ஆறு நாடுகளுக்கிடையே கரிக்கும் எஃகுக்கும் இருந்த சுங்கவரிகள் நீங்கின. இதனால், இலாபமற்ற சுரங்கங்கள் சில மூடப்படும் நிலையும் வந்தது. வேலையிழக்கும் தொழிலாளர் வேறு தொழில் பயிலவும் வேறிடம் சென்று குடியேறவும் கூட்டமைப்பின் நிதியிலிருந்து உதவி வழங்க உடன்படிக்கையே வழிசெய்திருந்தது. பொருளாதார மாற்றத்தின் சுமை ஏழைத் தொழிலாளர் தலைமீது மட்டும் விழலாகாது என்னும் அறவுணர்வு அதில் இருந்தது.

தோல்வியும் தொடர்ச்சியும்

எடுத்த முயற்சி யாவும் வென்றுவிடவில்லை. ஆறு நாடுகளுக்கும் பொதுவான படை ஒன்று அமைக்கும் திட்டமும் ஷூமன் காலத்தில் உருவாயிற்று. 1954ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் நாள் பிரெஞ்சுப் பாராளுமன்றமே அதனைத் தள்ளிவிட்டது. அதற்கு முன்னரே, 1953 தொடக்கத்தில், ஷூமன் அயல்நாட்டமைச்சர் பதவியை விட்டு விலக நேர்ந்தது. எனினும் அவர் சோர்ந்தாரல்லர். ஊர்தோறும் சென்று ஒற்றுமையின் தேவையை மக்களுக்கு விளக்கினார். 1957ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள், ரோம் நகரில் அவ்வாறு நாடுகளும் எல்லாப் பண்டங்களுக்கும் பொதுவான சந்தையை அமைக்க உடன்பட்டன. 1958-இல் ஐரோப்பியப் பாராளுமன்றப் பேரவையின் முதல் தலைவராக ஷூமன் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1960-இல் அப்பதவியினின்று விலகியபோது, பேரவையினர் அவரை ஐரோப்பாவின் தந்தை எனப் போற்றினர்.

உயர்பதவிகள் வகித்தும் அவர் எளிய வாழ்வையே மேற்கொண்டார். அரிய நூல்களையும் பெரியோர் கையெழுத்துகளையும் தேடிச் சேர்ப்பதே அவருடைய பொழுதுபோக்கு. 1963ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள், ஸீ-ஷாஸெல் என்னும் அச்சிற்றூரில், தம் 77ஆம் அகவையில் அவர் இயற்கை எய்தினார். வீட்டெதிரேயுள்ள சிறிய மாதாகோயிலில் அவர் உடல் அடக்கம் பெற்றுள்ளது.

அவர் இட்ட வித்து பின்னர்ப் பெருமரமாயிற்று. சர்வாதிகாரம் ஒழிந்து குடியாட்சி மலர்ந்தபின் கிரீசு 1981-இலும், ஸ்பெயினும் போர்த்துக்கலும் 1986-இலும் அக்கூட்டமைப்பிற் சேர்ந்தன. 1993-இல் அஃது ஐரோப்பிய ஒன்றியம் என்னும் பெயர் பெற்றது. குடியாட்சி, சட்டத்தின் ஆட்சி, இயங்கவல்ல சந்தைப் பொருளாதாரம் ஆகியவை சேரவிரும்பும் நாடுகளுக்கு நிபந்தனைகளாக அவ்வாண்டே வகுக்கப்பட்டன. பொதுவுடைமை ஆட்சியிலிருந்து மாறிய போலந்து, ஹங்கேரி முதலிய 8 நாடுகள், மேலும் இரு நாடுகளுடன் 2004-இல் இணைந்தன. 1973-இல் சேர்ந்த பிரிட்டன் 2020-இல் பிரிந்து சென்றது. விரும்பிச் சேர்ந்தோர் விரும்பினால் போரின்றிப் பிரியலாம் என்பதும் குடியாட்சி முறையின் சிறப்பேயாகும்.

ஒற்றுமை வேண்டும் என்று கூறுவது எளிது. பகைவனாயிருந்தவனுக்குச் சரிநிகர் இருக்கை அளித்து, தனக்கு அருமையான பொருளை அவனோடு பொதுவில் வைத்து, இருவரும் ஒரே சட்டத்துக்குக் கட்டுப்படுவது அரிது. அவ்வரிய செயலைச் செய்யத் துணிந்தமையாலேயே இராபர்ட் ஷூமனின் பெயர் நிலைபெற்றுள்ளது. அவர் அறிக்கை படித்த மே 9ஆம் நாளை ஐரோப்பிய மக்கள் ஐரோப்பா நாளாகக் கொண்டாடுகின்றனர். ஒருகாலத்தில் படைகள் அணிவகுத்துக் கடந்த லொரேன் எல்லையை, இன்று தொழிலாளரும் மாணவரும் அச்சமின்றிக் கடந்து செல்கின்றனர். அவருக்கு இதனினும் சிறந்த நினைவுச்சின்னம் வேறு யாது உளது?