ஒரு சொல்லுக்காக வாழ்ந்த வழக்கறிஞர்



ஆண்டு மலருக்கு யாரைப் பற்றி எழுதலாம் என்று வகுப்பில் கேட்டதும் ஆளாளுக்கு எடிசன், விஸ்வேஸ்வரய்யா என்று பெயர் சொன்னார்கள். அவர்களைப் பற்றி வருஷா வருஷம் யாராவது எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். நான் ஒரு வக்கீலைப் பற்றி எழுதப் போகிறேன். பாலிடெக்னிக்காரனுக்கு வக்கீலோடு என்ன வேலை என்று கேட்காதீங்க. எங்க வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். எங்க ஊரைப் பொறுத்தவரை வக்கீல் என்றால் வரப்புத் தகராறு, ஜாமீன், பத்திரம், அவ்வளவுதான். ஓர் அரசாங்கமே ஒரு மக்கள் கூட்டத்தைக் கொன்று குவித்தால், அதற்கு எதிராகவும் வாதாட ஆள் வேண்டும் என்பது ராபேல் லெம்கினின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

1900 ஜூன் 24-ல் வோல்கோவிஸ்க் என்ற ஊரின் பக்கத்தில் ஒரு பண்ணையில் பிறந்தார். அன்று அது ரஷ்யப் பேரரசு, பிறகு போலந்து, இன்று பெலாரஸ் நாடு. யூதக் குடும்பம். அப்பா குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் வைத்தவர். அம்மா பெல்லாதான் பிள்ளைக்கு முதல் வாத்தியார். மொழிகள் என்றால் லெம்கினுக்கு உயிர். ல்வோவ் நகரில் சட்டம் படித்தார்.

அவரைத் திருப்பிவிட்டது 1921-ல் பெர்லினில் நடந்த ஒரு கொலை வழக்கு. துருக்கி ஒட்டோமான் பேரரசின் உள்துறை அமைச்சராக இருந்தவர் தலாத் பாஷா. 1915 முதல் லட்சக்கணக்கான ஆர்மீனியர்கள் மடிந்ததற்குப் பொறுப்பானவர். தெஹ்லிரியன் என்ற ஆர்மீனிய இளைஞர் அவரைத் தெருவில் சுட்டுக் கொன்றார். ஒருவரைக் கொன்றவனை நீதிமன்றத்தில் நிறுத்துகிறீர்கள், அத்தனை பேரைக் கொன்றவரை ஏன் யாரும் நிறுத்தவில்லை என்று லெம்கின் தன் பேராசிரியரைக் கேட்டாராம். ஒருவன் தன் கோழிகளைக் கொன்றால் அது அவன் பாடு, மற்றவர் தலையிட்டால் அதுதான் அத்துமீறல் என்று பதில் வந்தது. நாடுகளின் இறையாண்மை என்பதற்கு அன்றைய சட்டத்தில் அவ்வளவுதான் பொருள். மனிதர்கள் கோழிகளா?

படித்து முடித்து வார்சாவில் அரசு வழக்கறிஞர் ஆனார். நல்ல உத்தியோகம். 1933-ல் மாட்ரிட் மாநாட்டுக்கு ஓர் அறிக்கை தயாரித்தார். ஒரு கூட்டத்தாரை அழிப்பதையும், அவர்களுடைய கலைச் செல்வங்களை அழிப்பதையும் எல்லா நாடுகளும் தண்டிக்க வேண்டிய குற்றங்களாக ஆக்கச் சொன்னார். ஜெர்மனியில் ஹிட்லர் பதவிக்கு வந்த வருஷம் அது. போலந்து அரசு அவரை மாநாட்டுக்குப் போகவே விடவில்லை. அடுத்த வருஷம் வேலையும் போயிற்று.

1939 செப்டம்பரில் ஜெர்மன் படை போலந்துக்குள் புகுந்தது. தப்பி ஓடும் வழியில் வீட்டுக்குப் போய்ப் பெற்றோரைக் கூப்பிட்டுப் பார்த்தார். வரமாட்டோம் என்றுவிட்டார்கள். அவர் மட்டும் ஸ்வீடன் போய்ச் சேர்ந்தார்.

ஸ்வீடனில் அவர் செய்த காரியம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஹிட்லர் பிடித்த நாடுகளில் வெளியான அரசாணைகளை ஒவ்வொன்றாகச் சேகரித்தார். இன்ன இனத்தாருக்கு இவ்வளவு ரேஷன் என்று ஓர் ஆணை. போலந்துக்காரர் கல்யாணம் செய்யவே அனுமதி வாங்க வேண்டும் என்று ஓர் ஆணை. லக்சம்பர்க் மக்கள் ஜெர்மன் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று இன்னொன்று. தனித்தனியாகப் பார்த்தால் ஆபீஸ் காகிதம். சேர்த்து அடுக்கினால், உதிரி பாகங்களின் வரைபடத்தை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது முழு இயந்திரமும் தெரிகிற மாதிரி, ஒரு மக்களை இல்லாமல் ஆக்கும் திட்டம் தெரிந்தது. அந்தக் காகிதங்களை ஆதாரமாக வைத்து, 1941-ல் சைபீரியா, ஜப்பான் வழியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்தபின் புத்தகம் எழுதினார். 600 பக்கத்துக்கு மேல். 1944-ல் வெளிவந்தது. அதில்தான் 'ஜெனோசைடு' என்ற சொல் பிறந்தது. இனம் என்ற கிரேக்கச் சொல்லையும் கொலை என்ற லத்தீன் சொல்லையும் ஒட்டவைத்துச் செய்தது. நாம் இனப்படுகொலை என்கிறோம்.

சொல் உண்டாக்கினால் உயிர் பிழைக்குமா என்று கேட்கலாம். நம்ம பட்டறை ஸ்டோர் ரூமில் சீட்டில் பெயர் எழுதாமல் ஒரு ஸ்பேனர் கேட்டுப் பாருங்கள், கிடைக்காது. குற்றத்துக்கும் பெயர் இருந்தால்தான் குற்றப் பத்திரிகையில் எழுத முடியும். நூரம்பர்க் வழக்கின் குற்றப் பத்திரிகையில் 1945-ல் அந்தச் சொல் ஏறியது. 1946-ல் வந்த தீர்ப்பிலோ அதைக் காணோம். அந்த நூரம்பர்க்கில் இருந்தபோதுதான் தாய், தந்தை உட்பட உறவினர் 49 பேர் கொல்லப்பட்டது அவருக்குத் தெரிய வந்தது. மிஞ்சியது அண்ணன் எலியாஸ் குடும்பம் மட்டும்.

அதற்கப்புறம் அவர் ஐ.நா. சபையின் தாழ்வாரமே கதி என்று கிடந்தார். பதவி கிடையாது, சம்பளம் கிடையாது. கண்ட தூதரையெல்லாம் நிறுத்திப் பேசுவார், பல மொழிகளில் கடிதம் எழுதுவார். நிருபர்கள் அவரைக் கண்டால் ஒளிந்துகொள்வார்களாம். (அப்படி ஒருத்தர் நம்ம வகுப்பில் இருந்தால் நாமும் ஓடத்தான் செய்வோம்!) இனப்படுகொலை ஒரு சர்வதேசக் குற்றம் என்ற தீர்மானம் 1946 டிசம்பர் 11-ல் நிறைவேறியது. அதைக் கொண்டுவந்த மூன்று நாடுகள் கியூபா, பனாமா, இந்தியா. நமக்கு அப்போது சுதந்திரமே வரவில்லை, எண்ணிப் பாருங்கள்! நம் குழுவுக்குத் தலைவி விஜயலட்சுமி பண்டிட்.

1948 டிசம்பர் 9-ல் பாரிஸில் உடன்படிக்கை ஏகமனதாக நிறைவேறியது. கொல்வது மட்டுமல்ல, ஓர் இனத்தை அழிக்கும் நோக்கத்தோடு பிறப்பைத் தடுப்பதும், குழந்தைகளைப் பிடுங்கி வேறு கூட்டத்தில் சேர்ப்பதும்கூட அதில் குற்றம். ஆனால் மொழியையும் பண்பாட்டையும் அழிப்பதைக் குற்றமாக்கும் பிரிவை வெட்டிவிட்டார்கள். லெம்கினுக்கு அது பெரிய வருத்தம். எனக்கும் அது நியாயமாகப் படவில்லை. மற்றவர்கள் கொண்டாடிய அந்த ராத்திரி, அவர் ஆளில்லாத மண்டபத்தில் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாராம். சில நாளில் ஆஸ்பத்திரியில் படுத்தார்.

மிச்ச வாழ்க்கை வறுமைதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யேல், ரட்கர்ஸ் பல்கலைக்கழகங்களில் கொஞ்ச காலம் பாடம் நடத்தினார். மற்ற நேரமெல்லாம் நாடு நாடாக உடன்படிக்கையில் சேரும்படி கெஞ்சுவதுதான் வேலை. 1951 ஜனவரி 12-ல் அது அமலுக்கு வந்தது. நோபல் பரிசுக்குப் பலமுறை பெயர் போயும் கிடைக்கவில்லை.

1959 ஆகஸ்ட் 27-ல் இந்தியா உடன்படிக்கையை ஏற்று உறுதி செய்தது. மறுநாள், ஆகஸ்ட் 28-ல், நியூயார்க் 42-வது தெருவில் மாரடைப்பு வந்து லெம்கின் இறந்தார். வயது 59. அடக்கத்துக்கு வந்தவர்கள் ஏழே பேர் என்று சொல்கிறார்கள்.

அவர் குடியேறிய அமெரிக்கா உடன்படிக்கையில் சேர்ந்தது 1988-ல். ருவாண்டாவில் 1994-ல் துட்சி மக்கள் லட்சக்கணக்கில் வெட்டிக் கொல்லப்பட்டபின், டாபா என்ற ஊரின் மேயராக இருந்த அகயேசு, டான்சானியாவின் அருஷா நகரில் சர்வதேச நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். 1998 செப்டம்பர் 2-ல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. லெம்கின் உண்டாக்கிய அந்தக் குற்றத்தின் பெயரில் ஒரு சர்வதேச நீதிமன்றம் ஒருவரைக் குற்றவாளி என்று அறிவித்தது அதுதான் முதல் தடவை.