ஒலிம்பிக்கின் தந்தையே புனைபெயரில் தங்கம் வென்ற கதை தெரியுமா?

1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக். இலக்கியப் போட்டியில் தங்கப் பதக்கம் பெற்றவர்கள் என்று இரண்டு பெயர்கள் அறிவிக்கப்பட்டன. ஜார்ஜ் ஹோரோட், எம். எஷ்பாக்.

என்னது, ஒலிம்பிக்ல இலக்கியப் போட்டியா? ஆமாங்க. ஓட்டம், நீச்சல், மல்யுத்தம் மாதிரியே கவிதைக்கும் இசைக்கும்கூட ஒருகாலத்தில் பதக்கம் கொடுத்திருக்கிறார்கள். அதைவிட ஆச்சரியம், தங்கம் வென்ற அந்த இரண்டு பேருமே உலகத்தில் இல்லை. இரண்டும் ஒரே ஆளின் புனைபெயர்கள். அந்த ஆள் வேறு யாருமில்லை, நவீன ஒலிம்பிக்கின் தந்தை என்று நாம் படித்திருக்கிற பியர் டி கூபெர்டின்தான்.

போட்டியை நடத்துகிற அமைப்பின் தலைவரே எதற்காகப் பெயரை மறைத்துப் போட்டியிட்டார்? அதைப் புரிந்துகொள்ள அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்கணும்.

ஓவியர் வீட்டுப் பிள்ளை

1863 ஜனவரி 1 அன்று பாரிஸில் ஒரு பிரபுக் குடும்பத்தில் பிறந்தார் கூபெர்டின். அப்பா ஓவியர். பையனுக்கு ஏழு வயது இருக்கும்போது பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பிரான்ஸ் படுதோல்வி அடைந்தது. அல்சேஸ் என்ற எல்லைப் பகுதி ஜெர்மனியின் கைக்குப் போனது. இந்த அல்சேஸை ஞாபகம் வெச்சுக்கோங்க, கதையில் மறுபடியும் வரும்.

பிரபு வீட்டுப் பிள்ளை என்றால் ராணுவமோ சட்டமோ அரசியலோதான் வழி. கூபெர்டின் தேர்ந்தெடுத்ததோ கல்வி. 1883இல் இங்கிலாந்து போனார். அங்கே ரக்பி போன்ற பள்ளிகளில் பாடத்தோடு விளையாட்டையும் சேர்த்துப் பிள்ளைகளை வளர்ப்பதைப் பார்த்தார். பிரான்ஸுக்குத் தேவை இதுதான் என்று முடிவு செய்தார். 1890இல் மச் வென்லாக் என்ற சின்ன ஊரில் வில்லியம் பென்னி புரூக்ஸ் என்ற மருத்துவரைச் சந்தித்தார். புரூக்ஸ் பல ஆண்டுகளாகத் தன் ஊரில் ஒலிம்பிக் என்ற பெயரிலேயே போட்டிகளை நடத்திவந்தவர். அங்கிருந்துதான் கூபெர்டினின் யோசனை பெரிதாக வளர்ந்தது.

முதல் முயற்சி தோல்வி

1892 நவம்பரில் பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில், பழைய கிரேக்கத்தின் ஒலிம்பிக்கை மீண்டும் தொடங்கலாம் என்று பேசினார். கை தட்டினார்கள், கலைந்து போய்விட்டார்கள். அவ்வளவுதான்.

1894இல் வேறு வழியில் வந்தார். சம்பளம் வாங்காமல் விளையாடும் அமெச்சூர் வீரர்களுக்கான விதிகளைப் பேச ஒரு மாநாடு கூட்டினார். நிகழ்ச்சி நிரலின் கடைசியில் ஒலிம்பிக்கையும் சேர்த்துவிட்டார். இந்த முறை பலித்தது. ஜூன் 23 அன்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி பிறந்தது. 1896இல் ஏதென்ஸில் முதல் போட்டி. 14 நாடுகளிலிருந்து 240 பேர் அளவில் வந்தார்கள். அத்தனை பேரும் ஆண்கள்.

விசித்திரமான விளையாட்டுகள்

அடுத்த இரண்டு ஒலிம்பிக்குகளும் கூபெர்டினுக்குத் தலைவலி. 1900இல் பாரிஸ் ஒலிம்பிக்கை உலகக் கண்காட்சியோடு சேர்த்து ஐந்து மாதத்துக்கு இழுத்தடித்தார்கள். செய்ன் நதியில் நடந்த ஒரு நீச்சல் போட்டியில் வீரர்கள் கம்பத்தில் ஏறி இறங்கி, படகுகள் மேல் தாவி, படகுகளுக்கு அடியில் புகுந்து போக வேண்டும். உயிருள்ள புறாக்களைச் சுடும் போட்டிகூட நடந்தது. கிரிக்கெட்டில் ஒரே ஒரு ஆட்டம், பிரிட்டனும் பிரான்ஸும் மோதின. அந்தக் கிரிக்கெட்தான் 2028 லாஸ் ஏஞ்சலிஸில் திரும்ப வரப்போகிறது.

1904 செயின்ட் லூயிஸில் இன்னொரு வேடிக்கை. தண்ணீரில் பாய்ந்துவிட்டுக் கை கால் அசைக்காமல் எவ்வளவு தூரம் மிதந்து போகிறார்கள் என்று பார்த்தார்கள். அந்த ஒலிம்பிக்குக்குக் கூபெர்டின் போகவே இல்லை. நம் ஊர்த் திருவிழாவில் நடக்கிற கயிறு இழுக்கும் போட்டியும் 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக்கில் இருந்தது.

கவிதைக்கும் தங்கம்

இவையெல்லாம் தானாக வந்து தானாகப் போனவை. கூபெர்டின் மனதார ஆசைப்பட்டுச் சேர்த்தது வேறு. உடம்பும் அறிவும் சேர்ந்து வளரணும் என்பது அவர் கொள்கை. 1906இல் பாரிஸில் ஒரு மாநாடு கூட்டி, கட்டடக்கலை, சிற்பம், ஓவியம், இசை, இலக்கியம் என ஐந்து போட்டிகளை முன்வைத்தார். ஒரே நிபந்தனை, படைப்பு விளையாட்டைப் பற்றியதாக இருக்கணும்.

1908இல் நேரம் போதவில்லை. 1912இல் ஸ்வீடன்காரர்களுக்கு இதில் பெரிய ஆர்வமில்லை. ஆனாலும் கூபெர்டின் விடவில்லை, போட்டி நடந்தது. அவரே விளையாட்டைப் போற்றி ஒரு உரைநடைக் கவிதை எழுதி, பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் அனுப்பினார். அதுதான் தங்கம் வென்றது.

சரி, அந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன? ஹோரோட், எஷ்பாக் இரண்டுமே அல்சேஸில் உள்ள கிராமங்கள். அவருடைய மனைவி மாரி ரோத்தானின் குடும்ப ஊருக்குப் பக்கத்தில் இருப்பவை. அப்போது அல்சேஸ் ஜெர்மனியிடம் இருந்தது. சண்டை போட்ட இரண்டு நாடுகளின் மொழிகளில் ஒரே கவிதை, நடுவில் மாட்டிக்கொண்ட மண்ணின் இரண்டு ஊர்ப் பெயர்கள். இதைச் சமாதானத்துக்கான சைகையாகப் பார்ப்பவர்கள் உண்டு. சொந்தப் பெயரில் அனுப்பினால் நடுவர்கள் தலைவருக்கே பரிசு கொடுத்துவிட்டார்கள் என்ற பேச்சு வந்திருக்கும் என்பது இன்னொரு விளக்கம். இரண்டுமே பொருந்தத்தான் செய்கிறது.

கைவிட்டுப் போனவை

சமாதான ஆசை ரொம்ப நாள் தாங்கவில்லை. 1914இல் முதல் உலகப் போர் தொடங்கியது. 1916 பெர்லின் ஒலிம்பிக் ரத்தானது. 1915இல் கமிட்டியின் தலைமையகத்தைச் சுவிட்சர்லாந்தின் லோசானுக்கு மாற்றினார். அவர் வரைந்த ஐந்து வளையக் கொடி 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில்தான் பறந்தது. வீட்டிலும் நிம்மதியில்லை. மகனும் மகளும் நோயால் பாதிக்கப்பட்டிருந்தார்கள். குடும்பச் சொத்து கரைந்துபோனது. 1925இல் தலைமைப் பதவியிலிருந்து விலகினார்.

அவரிடம் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. பெண்கள் ஒலிம்பிக்கில் போட்டியிடக் கூடாது என்பதில் கடைசி வரை பிடிவாதமாக இருந்தார். ஆனால் அவர் ஆசையாகத் தொடங்கிய அதே இலக்கியப் போட்டியில் 1948இல் தங்கம் வென்றவர்களில் ஒருவர் பெண், பின்லாந்துக் கவிஞர் ஆலே தின்னி.

இசைப் போட்டியின் கதை இன்னும் சோகம். 1924 பாரிஸில் ஸ்ட்ராவின்ஸ்கி, ராவெல் போன்ற ஜாம்பவான்கள் நடுவர்களாக இருந்தார்கள். யாருக்குமே பதக்கம் தரவில்லை! 1932இல் செக் இசையமைப்பாளர் யோசெஃப் சுக் வெள்ளி வாங்கினார். தங்கம் யாருக்கும் இல்லை.

1948 லண்டனோடு கலைப் போட்டிகள் முடிவுக்கு வந்தன. காரணம் என்ன தெரியுமா? கலைஞர்கள் தங்கள் படைப்பை விற்றுப் பிழைப்பவர்கள், அமெச்சூர்கள் இல்லை என்பதுதான். 1894இல் எந்த விதியைப் பேசக் கூபெர்டின் ஆட்களைக் கூட்டினாரோ, அதே விதி அவருடைய ஆசைப் போட்டியை மூடிவிட்டது.

அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1937 செப்டம்பர் 2 அன்று ஜெனிவாவில் ஒரு பூங்காவில் மாரடைப்பால் இறந்தார். உடல் லோசானில் அடக்கம் செய்யப்பட்டது. இதயத்தை மட்டும் தனியே எடுத்து, அவர் விருப்பப்படி கிரீஸின் ஒலிம்பியாவில் ஒரு நினைவுத் தூணுக்குள் வைத்தார்கள்.

கலைப் பதக்கங்களை நாடுகளின் பதக்கப் பட்டியலில் இன்று சேர்ப்பதில்லை. அதனால் ஒலிம்பிக்கைத் தொடங்கிய மனிதர் வாங்கிய ஒரே தங்கம் எந்தக் கணக்கிலும் வராது. அடுத்த ஒலிம்பிக்கில் பதக்கப் பட்டியலைப் பார்க்கும்போது, அதில் இல்லாத இந்தத் தங்கத்தையும் ஒருமுறை நினைச்சுக்கோங்க.