குன்றிமணி எடையும் பேரரசரும்

என் சிறு பிராயத்தில் எங்கள் ஊரிலே முதியவர் ஒருவர் இருந்தார். பரியாரியார் கொடுக்கும் அபின் உருண்டையே அவருக்கு உயிர். அது கிட்டாத நாளில் வேர்த்து நடுங்கி, வயிறு கழிந்து, திண்ணையிற் சுருண்டு கிடப்பார். மனத்திட்பம் இல்லாதவர் என்று பெரியோர் இகழ, சிறுவராகிய யாமும் நகைத்தோம். பின்னாளில் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரைப் பற்றி வகுப்பிற் பேசும்போதும் அதே இகழ்ச்சி என் வாயில் வந்ததுண்டு. இன்று அவ்வாறு பேசமாட்டேன்.

அக்பரின் மைந்தராய் 1569ஆம் ஆண்டு பத்தேப்பூர் சிக்ரியிற் பிறந்த சலீம், பதினெட்டாம் வயதில் வேட்டைக் களைப்புத் தீர முதன்முதல் மது அருந்தினார். சில ஆண்டுகளில் அது, இருமுறை வடித்த சாராயம் நாளொன்றுக்கு 20 கிண்ணம் என்றாயிற்று. கை நடுக்கத்தாற் கிண்ணத்தைப் பிடிக்க இயலாமையின் பிறர் பருக்கினர். இன்னும் ஆறு திங்கள் இவ்வாறு சென்றால் மருந்தில்லை என அரண்மனை வைத்தியர் ஹக்கீம் ஹுமாம் எச்சரித்தார். இளவரசர் செவிசாய்த்தார். ஏழு ஆண்டுகளிற் படிப்படியாக 6 கிண்ணத்துக்கு இறங்கினார். ஆயின் மது குறையக் குறைய அபின் கலந்த லேகியத்தைக் கூட்டிக்கொண்டார். ஒரு தளையைத் தளர்த்த மற்றொரு தளை பூண்டார். தம்பியர் முராத்தும் தானியாலும் குடியாலேயே மாண்டனர்.

1605இல் அரியணை ஏறியவுடன், மதுவும் பிற போதைப் பொருள்களும் ஆக்குதலையும் விற்றலையும் தடைசெய்தார். தாம் குடிப்பதையோ மறைத்தாரல்லர். நாற்பத்தாறாம் வயதிற் பகலில் 8, இரவில் 6 என 14 குன்றிமணி எடை அபின் உண்டதாகத் தம் நினைவுக்குறிப்பிலே தாமே கணக்கெழுதினார். பொற்கொல்லர் தராசில் இட்ட அதே குன்றிமணிதான்.

அதனை அவர் ஏன் விட்டொழிக்கவில்லை? விடை கிடைக்க மூன்றரை நூற்றாண்டு சென்றது. மூளையின் நரம்புக்கலங்களில் அபின்சத்து வந்து பொருந்தும் வாங்கிகள் உள என்பது 1973இல் நிறுவப்பட்டது. உடல் தானே சுரக்கும் அபினையொத்த பொருள்களுக்கென அமைந்தவை அவை. கசகசாச் செடியின் பால் அங்கே அழையா விருந்தாளி. அது வாங்கிகளைப் பற்றியதும் டோபமின் என்னும் பொருள் பெருகி இன்பம் விளைகின்றது. நாடோறும் அவ்வாறு நிகழ, வாங்கிகள் மழுங்குகின்றன. அளவு கூடினாலன்றிப் பயனில்லை. கலமோ, தன்னை அடக்கும் அபினுக்கு ஈடுகொடுக்கத் தன் உள்வினையை விரைவுபடுத்திக்கொள்கின்றது. திடீரென அபினை நிறுத்தின், எதிர்த்து இழுப்பார் கைவிட்ட வடம்போல அவ்விரைவு கட்டின்றிப் பாய்கின்றது. வேர்வை, நடுக்கம், பேதி, உறக்கமின்மை யாவும் அதன் விளைவே. அப்பொழுது டோபமினும் தாழ்வதால் உணவும் உறவும் சுவையற்றுப்போம். உடலின் வேதனை சில நாளில் தணியும்; வாங்கிகளும் மெல்லத் தேறும். இன்பம் உணரும் நரம்புவழி தன் பழைய நிலைக்கு மீளத் திங்கள் பல செல்லும். இடைக்காலத்தில் மயங்கிப் பழைய அளவையே உண்பவன் மூச்சடங்கி இறத்தலும் உண்டு. சிறுகச் சிறுகக் குறைப்பித்த ஹக்கீம், வாங்கியை அறியாமலே அதன் இயல்பை அறிந்திருந்தார் போலும்.

என் நெஞ்சை உறுத்துவது 1618ஆம் ஆண்டு நிகழ்ச்சி. (அடுத்த ஆண்டிலேதான் நம் நல்லூர் அரசு பறங்கியரிடம் வீழ்ந்தது.) அபினாலும் மதுவாலும் எலும்புந்தோலுமாய் ஒடுங்கிய இனாயத்கான் என்னும் அணுக்கப் பணியாளரைப் பல்லக்கிற் கொணர்ந்தனர். அரசர் திகைத்தார், ஓவியரை அழைத்து அக்கோலத்தை எழுதச் செய்தார், பொருள் கொடுத்து விடைகொடுத்தார். இரண்டொரு நாளில் அவர் இறந்தார். அவ்வோவியம் ஒக்ஸ்போர்ட்டிலும் அதன் கோட்டுரு பொஸ்ரனிலும் இன்றும் உள்ளன. தம் உடம்பின் நிழலையே பார்க்கின்றோம் என அரசர் எண்ணினாரோ?

1621இல் இளைப்பு நோய் முற்றியபோது, கிண்ணங்களை எண்ணிக் குறைத்தவர் அரசி நூர்ஜஹான். காச்மீரத்திலே இறுதி நோயுற்றபோது, நாற்பது ஆண்டு உடனிருந்த அபினையும் வேண்டாவென விலக்கினார் என்பர். சிறிதளவு திராட்சை மது மட்டும் உள்ளே சென்றது. லாகூருக்கு மீளும் வழியில் 1627இல் உயிர் பிரிந்தது. இராவி நதிக்கரையில் சாதராவிலே அடக்கம் செய்தனர்.