கம்ப்யூட்டருக்குக் கைகாட்டி வைத்தவர்

இரவு பகல் பாராமல் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் சர்வர் புரோகிராம்களை நாம் அறிவோம். ஒரே நேரத்தில் நூறு பேர் கேட்டாலும் பதில் சொல்ல, சர்வர் தன் வேலையைப் பல திரெட்டுகளாகப் பிரித்துக்கொள்கிறது. வம்பு அங்கேதான் ஆரம்பம்! எண்ணிக்கை 100 என்று இருக்கிறது. இரண்டு திரெட்டுகள் ஒரே சமயத்தில் அதைப் படித்து, ஆளுக்கு ஒன்று கூட்டி, இரண்டுமே 101 என்று எழுதிவிட்டால்? 102 வர வேண்டிய இடத்தில் ஒன்று காணாமல் போச்சு! லினக்ஸில் ஆயிரம் தடவை ஓட்டியும் தலைகாட்டாத இந்தத் தவறு, விண்டோஸில் முதல் தடவையே வரலாம்.

இந்தத் தலைவலியை 1950களிலேயே கண்டு பயந்தவர் ஒருவர். எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா!

நெதர்லாந்து நாட்டின் ராட்டர்டாம் நகரில் 1930 மே 11ஆம் நாள் பிறந்தார். தந்தை வேதியியலாளர், தாய் கணிதம் பயின்றவர். லைடன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கும்போதே, 1951இல் கேம்பிரிட்ஜ் சென்று புரோகிராமிங் பயிற்சி பெற்றார். 1952இல் ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் வேலை. 1956இல் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, பேப்பர் பேனா இல்லாமல், இருபதே நிமிடத்தில் மிகக் குறுகிய பாதைக்கான வழிமுறையைக் கண்டுபிடித்தார். நாம் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்தில் படிக்கிறோமே, அதேதான்! 1957இல் திருமணம். பதிவேட்டில் தொழில் 'புரோகிராமர்' என்று எழுதச் சொன்னார். அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று மறுத்துவிட்டார்கள்! கடைசியில் இயற்பியலாளர் என்றே எழுத வேண்டியதாயிற்று.

அந்தக் காலகட்டத்தில் எக்ஸ்-1 என்ற புதிய கம்ப்யூட்டர் உருவானது. அதில் 'இன்டரப்ட்' வசதி வைக்கலாம் என்றார்கள் உடன் இருந்த பொறியாளர்கள். அதாவது, பிரிண்டரோ கீபோர்டோ எந்த நொடியிலும் குறுக்கே புகுந்து புரோகிராமை நிறுத்தி, தன் வேலையை முடித்துக்கொள்ளலாம். கேட்கவே நன்றாகத்தான் இருந்தது. டைக்ஸ்ட்ராவுக்கோ பயம்! குறுக்கீடு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இன்று வந்த தவறு நாளை திரும்ப வராது. திரும்ப வராத தவறை எப்படித் தேடுவது, எப்படித் திருத்துவது? சில மாதங்கள் முடிவைத் தள்ளிப் போட்டுப் பார்த்தார். பிறகு ஒப்புக்கொண்டார். அதற்கான புரோகிராமை அவரே எழுதினார். 1959இல் டாக்டர் பட்டம் பெற்ற ஆய்வும் அதைப் பற்றியதே. பயந்த விஷயத்தை விட்டு ஓடாமல், அதிலேயே தேர்ச்சி பெற்றார் பாருங்கள்!

1962இல் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். 'செமஃபோர்' என்ற கருவியைத் தந்தது அங்கேதான். ரயில் நிலையத்தில் கைகாட்டி மரம் பார்த்திருப்போம். ஒற்றைப் பாதையில் ஒரு வண்டி இருக்கும்போது அடுத்த வண்டி கைகாட்டியில் காத்து நிற்கும். அதே கதைதான்! உள்ளே போகும் முன் 'பி', வெளியே வந்ததும் 'வி' என்று இரண்டே செயல்கள். இன்று யூனிக்ஸ் வகை சிஸ்டம்களில் செம்-வெயிட், செம்-போஸ்ட் என்று நாம் அழைப்பது இவற்றைத்தான்.

சுமார் ஆறு பேர் கொண்ட சிறு குழுவோடு 'டி.எச்.இ.' என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் உருவாக்கினார். 1968இல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அதை அடுக்கு அடுக்காகக் கட்டினார்கள். கீழடுக்கை முழுதாகச் சோதித்த பிறகே மேலடுக்கு. எந்த வேலை வேகமாக ஓடும், எது மெதுவாக ஓடும் என்பதை நம்பி ஒரு வரிகூட எழுதக் கூடாது என்பது கொள்கை. சோதனையில் கிடைத்தவை சில்லறைத் தவறுகள்தான். ஒவ்வொன்றையும் பத்து நிமிடத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள்!

நமக்கு இதில் என்ன பாடம்? திரெட் தகராறு வந்தால் நம்மில் பலர் செய்வது என்ன? நடுவில் ஒரு 'ஸ்லீப்' போட்டு, "சரியாயிடுச்சுடா!" என்பதுதான். அது சரியாகவில்லை, ஒளிந்துகொண்டது. எந்தத் திரெட்டை எப்போது ஓட விடுவது என்பதை ஒவ்வொரு ஆபரேட்டிங் சிஸ்டமும் தன் இஷ்டப்படி தீர்மானிக்கிறது. லினக்ஸில் ஃபோர்க் செய்து பின்னணிக்குப் போனால், ஃபோர்க்கை அழைத்த திரெட் மட்டுமே புதிய பிராசஸில் மிஞ்சும். விண்டோஸிலோ அந்த ஃபோர்க்கே கிடையாது! எனவே திருத்தம் ஏன் சரி என்று முதலில் பேப்பரில் நிரூபிக்க வேண்டும். பிறகு லினக்ஸ், விண்டோஸ், ஃப்ரீபிஎஸ்டி என்று ஒவ்வொன்றிலும், பல கோர் உள்ள மெஷினில், அதிக லோடு கொடுத்து ஓட்ட வேண்டும். ஹெல்கிரைண்ட், திரெட் சானிடைசர் போன்ற கருவிகளும் கைகொடுக்கும். சோதனை தவறைக் காட்டலாம். தவறே இல்லை என்று சத்தியம் செய்யாது. டைக்ஸ்ட்ரா வாழ்நாள் முழுக்க வலியுறுத்தியது இதைத்தான்.

1972இல் டூரிங் விருது பெற்றார். 1984 முதல் 1999 வரை டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். எழுதி நண்பர்களுக்கு அனுப்பிய குறிப்புகள் மட்டும் 1300க்கும் மேல்! 2002 ஆகஸ்ட் 6இல் சொந்த நாட்டில் புற்றுநோயால் மறைந்தார்.

தொழில் என்று பதிவேட்டில்கூட ஏறாத புரோகிராமிங்கை, பொறுப்புள்ள பொறியியலாக மாற்றியவர் அவர். நம்ம சர்வரை நம்பி நாளை ஒரு வங்கியோ மருத்துவமனையோ இயங்கலாம். "என் மெஷினில் ஓடுதே" என்ற பதில் அங்கே செல்லாது நண்பர்களே!